நோயாளியின் தட்டும் தாதியின் குறிப்பேடும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்கு ‘மருந்து’ என்று பெயர். ஆயினும் அங்கே மருந்துகளின் பட்டியல் எதுவும் இல்லை. எவ்வளவு உண்பது, எப்பொழுது உண்பது என்பனவற்றையே வள்ளுவர் பெரிதும் பேசுகின்றார். அதிகாரத்தின் இறுதியில், மருத்துவம் நால்வகைப்படும் என்று வகுக்கின்றார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிபுரிபவர். இந்த நான்காமவரையே இன்று தாதி என்றும் செவிலியர் என்றும் அழைக்கின்றோம். நோயாளி எதை உண்டார், எதை ஒதுக்கினார் என்பதை அருகிருந்து அறிபவர் அவரே. அந்த அறிவு எவ்வாறு ஆராய்ச்சியாக வளர்ந்தது, அதனால் நம் குடும்பங்கள் பெறக்கூடிய பயன் யாது என்பதைப் பெற்றோரும் மாணவச் செல்வங்களும் அறிந்திருத்தல் நன்று.

கட்டிலருகே தொடங்கிய கவனிப்பு

கிரிமியப் போர் நடைபெற்ற 1854ஆம் ஆண்டில், புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 38 தாதியருடன் துருக்கியின் ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலையைச் சென்றடைந்தார். காயங்களுக்குக் கட்டுப் போடுவதுடன் அவர் நின்றுவிடவில்லை. நலிந்த வீரர்கள் உண்ணத்தக்க மென்மையான உணவைத் தயாரிப்பதற்கெனத் தனிச் சமையலறைகளை அமைத்தார். 1859இல் அவர் எழுதிய தாதியம் பற்றிய நூலில் உணவுக்கென்றே இரண்டு அத்தியாயங்கள் உள்ளன. நோயாளிக்கு உண்ண இயலும் நேரம் எது, கொடுத்த உணவு ஏன் தீண்டப்படாமல் திரும்புகின்றது என்பனவற்றைத் தாதி கூர்ந்து நோக்க வேண்டும் என்பது அவர் கருத்து. வைத்தியர் நோயாளியை நாளொன்றுக்குச் சில நிமிடங்களே காண்கின்றார். தாதியோ நாள் முழுவதும் காண்கின்றார். எனவே, தாதியின் குறிப்பேடு வைத்தியருக்குக் கண்ணாக அமைகின்றது.

தாய்மொழிச் சொல் காட்டிய வழி

வைத்தியசாலைக்கு வெளியே, வீட்டிலும் ஊரிலும் மக்கள் உண்பதை ஆராய்வது சமூகப் போசணை எனப்படும். இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் யமேக்காவில் பிறந்த சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் வைத்தியர். இன்று கானா என வழங்கும் கோல்ட் கோஸ்ட் நாட்டில் 1930களின் தொடக்கத்தில் அவர் பணியாற்றினார். அங்கே ஒன்று முதல் நான்கு வயது வரையான குழந்தைகள் பலர் கால்கள் வீங்கி, தோல் உரிந்து, தலைமயிர் நிறம் மாறி மாண்டனர். அந்நோயைப் பற்றி 1933இல் அவர் எழுதினார். பின்னர் 1935இல், அங்குள்ள கா மொழி பேசும் மக்கள் அதற்கு இட்டிருந்த பெயரையே மருத்துவ உலகுக்கு அறிமுகம் செய்தார். அப்பெயர் ‘குவாஷியோர்க்கர்’ என்பது. அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள்.

நோய்க்கான காரணத்தை நாடும் வழி அந்தச் சொல்லிலேயே இருந்தது. தம்பியோ தங்கையோ பிறந்தவுடன் மூத்த குழந்தைக்குத் தாய்ப்பால் நின்றுவிடுகின்றது. அதற்கு ஈடாகச் சோளக் கஞ்சி மட்டுமே கிடைக்கின்றது. உடலை வளர்க்கும் புரதம் போதாமற் போகின்றது. இந்நோய்க்கு வேறு காரணங்களும் உண்டெனப் பிற்கால ஆய்வுகள் கூறுகின்றன. ஆயினும், தாய்மாரின் சொல்லைச் செவிமடுத்தமையே ஆராய்ச்சிக்கு வாசலைத் திறந்தது.

மார்மைட் போத்தலில் இருந்த விடை

இலங்கையிலிருந்து வந்த பெற்றோருக்கு மார்மைட் நன்கு பழக்கமானது. பாணில் பூசியும் வெந்நீரில் கரைத்தும் உட்கொள்ளப்படும் அந்தக் கருநிறப் பசை, ஈஸ்ட் எனப்படும் மதுவத்திலிருந்து செய்யப்படுவது. இதற்கு மருத்துவ வரலாற்றில் ஓர் இடம் உண்டு.

லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய வைத்தியர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்குள்ள துணி ஆலைகளில் உழைத்த பெண்கள் பலர் கருவுற்ற காலத்தில் கடுமையான இரத்தச்சோகைக்கு ஆளாகினர். அவர்களின் இரத்தத்திலுள்ள செவ்வணுக்கள் வழமையிலும் பெரியனவாக இருந்தன. அப்பெண்கள் அன்றாடம் உண்பது என்ன என்று வில்ஸ் ஆராய்ந்தார். அதே உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். குன்னூரிலும் சென்னையிலும் அவருடைய ஆய்வு தொடர்ந்தது. மதுவச் சாற்றைக் கொடுத்தபோது நோயாளிகள் தேறியதை 1931இல் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த பொருள் யாதென்று அப்பொழுது எவரும் அறியார். அதே பொருள் 1941இல் ஸ்பினாச் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது.

கதை அத்துடன் முடியவில்லை. முள்ளந்தண்டு சரிவர மூடாத குழந்தையை முன்னர் பெற்ற தாய்மார், அடுத்த முறை கருவுறுவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலத்தை உட்கொண்டால், அக்குறை மீண்டும் நேரும் வாய்ப்பு 72 வீதம் குறைகின்றது என்பதை 1991இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வு நிறுவியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1998இல் இருந்து மாவில் இதனைச் சேர்ப்பது கட்டாயமாயிற்று. கருவுற எண்ணும் பெண்கள் நாளொன்றுக்கு 400 மைக்கிரோகிராம் உட்கொள்ளுமாறு இன்று பல நாடுகளில் தாதியரும் மருத்துவிச்சிகளும் அறிவுறுத்துகின்றனர். ஏழைத் தொழிலாளப் பெண்களின் தட்டை ஒருவர் உற்று நோக்கியதன் பயன், இன்று உலகெங்கும் பிறக்கும் குழந்தைகளைக் காக்கின்றது.

கீரையிலும் பயறு, பருப்பு வகைகளிலும் இச்சத்து இயற்கையாகவே உண்டு. அது நீரில் கரையக்கூடியது. நெடுநேர வெப்பத்தில் அழியக்கூடியது. ஆகையால் கீரையைச் சிறிது நீரில் சிறிது நேரமே வேகவைத்தல் வேண்டும். வேகவைத்த நீரைக் கொட்டிவிடலாகாது.

நம் வீட்டுத் தட்டு

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். தென்னாசிய மக்களுக்கு நீரிழிவு ஏனையோரை விட இளம் வயதிலேயே, உடற்பருமன் மிகாத நிலையிலும் வருவதுண்டு. ஆனால் இது விதியன்று. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைச் சென்னையில் வைத்தியர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். சிறப்பு ஆலோசனை பெறாதோரில் 100க்கு 55 பேர் நோயாளராயினர். உணவையும் நடைப்பயிற்சி போன்ற உடலுழைப்பையும் பற்றித் தொடர்ந்து ஆலோசனை பெற்றோரிலோ அத்தொகை 39 ஆகவே இருந்தது. அவர்களுக்கு மருந்து கொடுக்கப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

ஆனால் ஆலோசனை பயன்தர வேண்டுமாயின் அது நம் உணவுக்குப் பொருந்துவதாக இருத்தல் வேண்டும். புலம்பெயர்ந்த நாடுகளில் பல வீடுகளுக்குப் பழக்கமான காட்சி ஒன்று உண்டு. அம்மம்மாவுக்கு நீரிழிவு. தாதி ஓர் உணவுத்தாளைத் தருகின்றார். அதில் பாணும் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் உள்ளன. பிட்டும் இடியப்பமும் சொதியும் இல்லை. ‘நேற்று என்ன உண்டீர்கள்?’ என்று தாதி கேட்கின்றார். ‘சோறும் கறியும்’ என்று உடன் சென்ற பேத்தி மொழிபெயர்க்கின்றாள். தாதி அதை எழுதிக்கொள்கின்றார். எத்தனை அகப்பை சோறு, கறி என்பது மரக்கறியா, உருளைக்கிழங்கா, தேநீரில் எத்தனை கரண்டி சீனி என்பன அவருக்குத் தெரிய வருவதில்லை. அவற்றை விட முக்கியமாக, அம்மம்மா வெள்ளிக்கிழமைகளில் விரதம் இருப்பதும் தெரிய வருவதில்லை. இன்சுலினோ சிலவகை நீரிழிவு மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு உண்ணாதிருந்தால், இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு வீழ்ந்து மயக்கம் ஏற்படலாம். உயிருக்கே தீங்கு நேரலாம். சொல்லப்படாத ஒரு செய்தியால் விளையும் கேடு இத்துணைப் பெரிது. விரதத்தைக் கைவிட வேண்டும் என்பதன்று. அதை முன்கூட்டியே அறிவித்தால், வைத்தியரும் தாதியும் மருந்தின் அளவையும் நேரத்தையும் அதற்கேற்ப வகுத்துத் தருவர்.

மாணவர்களுக்கு ஒரு பணி

போசணை ஆய்வாளர் கையாளும் எளிய முறை ஒன்று உண்டு. கடந்த 24 மணி நேரத்தில் உண்டவை, பருகியவை அனைத்தையும் அளவுடனும் நேரத்துடனும் எழுதுவதே அது. மாணவச் செல்வங்களே, இதனை நீங்களும் செய்யலாம். உங்கள் தாத்தாவிடமோ பாட்டியிடமோ அமர்ந்து கேளுங்கள். காலையில் எத்தனை இடியப்பம், நண்பகலில் எத்தனை அகப்பை சோறு, மாலைத் தேநீருடன் எத்தனை வடை, இரவில் என்ன மாத்திரை என்று தமிழில் எழுதுங்கள். ஒவ்வோர் உணவும் எதனால் செய்யப்படுவது என்பதையும் கேட்டு எழுதுங்கள். பிட்டு அரிசிமாவில் ஆனது, சொதியில் தேங்காய்ப்பால் உண்டு என்பது அப்பொழுது தெளிவாகும். பின்னர் பெற்றோரின் துணையுடன் இந்நாட்டு மொழியில் எழுதித் தாதியிடம் கையளியுங்கள். நோயைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் உரையாடும்போது பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவதே முறை. அச்சுமையைப் பிள்ளைகள் மீது ஏற்றலாகாது. வீட்டுத் தட்டில் உள்ளதைச் செம்மையாக எழுதித் தருவதோ பிள்ளைகளால் இயலும்.

ஆப்பிரிக்கத் தாய்மாரின் ஒரு சொல் ஒரு நோய்க்கு வழிகாட்டியது. நம் தமிழ்ச் சொற்களும் நம் மூத்தோரின் உடல்நலத்துக்கு அவ்வாறே உதவ வல்லவை. வாரந்தோறும் இப்பள்ளியில் கற்கும் தமிழைக் கொண்டு பாட்டியின் ஒரு நாள் உணவை எழுதித் தரும் பிள்ளை, அவருடைய நலத்தைக் காக்கும் பணியில் தாதிக்குத் துணை நிற்கின்றது. அப்பணியை இந்த வாரமே தொடங்குவோமாக.