வெயில் சாய எவ்வளவு நேரம்?

கொல்லிமலைக்கு, காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு விளம்பர நிறுவனம் அந்தச் சாலையைக் கணினி வரைகலையில் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். “வெயிலைக் கொஞ்சம் சாய்ங்க, சாயங்காலமா இருக்கட்டும்” என்கிறார் வாடிக்கையாளர். பழைய முறையில் அன்றைய பொழுது போச்சு. வீடியோ கேம்களை இயக்கும் மென்பொருளான கேம் எஞ்சினில், அவர் டீயை முடிப்பதற்குள் நிழல் நீண்டுவிடும்.

ஏன்?

கணினிக் காட்சியைப் படமாக மாற்றும் வழக்கமான ரெண்டரிங், ஒவ்வொரு புள்ளிக்கும் நூற்றுக்கணக்கான ஒளிக்கதிர்களைப் பின்தொடரும். ஒரு ஃப்ரேமுக்கே பல நிமிடங்கள், சில சமயம் மணிக்கணக்கில் ஆகும். விளையாட்டு காத்திருக்காது. நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால், ஒன்றுக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. அதனால் எஞ்சின் கஞ்சத்தனம் செய்கிறது. தூரத்து மரத்துக்குக் குறைந்த முக்கோணங்கள் போதும். கதிர்களையும் கொஞ்சமாகவே வீசி, முந்தைய ஃப்ரேமின் கணக்கை வைத்து மீதியை ஊகித்து நிரப்பிவிடும். 2022இல் வந்த அன்ரியல் எஞ்சின் 5 இந்தச் சிக்கனத்தில் கைதேர்ந்தது.

ஹைதராபாத்தில் அன்னபூர்ணா ஸ்டுடியோஸும் சென்னையின் கியூப் சினிமாவும் சேர்ந்து அமைத்த படப்பிடிப்புத் தளத்தில், எல்இடி சுவரில் ஓடும் பின்னணியின் கோணம் கேமரா நகர நகர மாறுகிறது. அதற்கும் இதே வேகம்தான் ஆதாரம்.

குறையும் உண்டு. மூங்கில் இலை போன்ற மெல்லியவை மினுமினுக்கும், கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே வாடிக்கையாளர் தலையாட்டிய பிறகு, அதே காட்சியை ஃப்ரேமுக்குச் சில நொடிகள் கொடுத்து நிதானமாக எடுத்துக்கொள்கிறார்கள்.