ஒரு கிளை கொடுங்களேன்!

மல்லிகைப் பூவைப் பார்க்காதவர்கள் நம் நாட்டில் இல்லை. மல்லிகை விதையைப் பார்த்தவர்கள் உண்டா?

யோசித்துப் பாருங்கள். கத்தரிக்கு விதை உண்டு. வெண்டைக்கு விதை உண்டு. அவரைக்கு உண்டு. கூடை கூடையாகப் பூக்கிறதே குண்டுமல்லி, அதன் விதை எங்கே?

தேடினாலும் கிடைக்காது. குண்டுமல்லி காய்ப்பது மிக மிக அரிது.

அப்படியானால் கள்ளக்குறிச்சியில் இத்தனை வீட்டு வாசல்களுக்கு அது எப்படி வந்தது? சின்னசேலத்துக்கும் சங்கராபுரத்துக்கும் எப்படிப் போனது?

ஒரே வழிதான். ஒருவர் கிளை கொடுத்தார். மற்றொருவர் வாங்கி நட்டார். அவரிடமிருந்து மூன்றாம் வீட்டுக்காரர் வாங்கினார். காற்று கொண்டு வரவில்லை. பறவை கொண்டு வரவில்லை. மனிதர் கைதான் கொண்டு வந்தது.

தாய் வீட்டுக்குப் போய்த் திரும்பும் பெண்ணின் பையைப் பாருங்கள். முறுக்கு இருக்கும். எள்ளுருண்டை இருக்கும். அதற்கு மேல், ஈரத்துணியில் சுற்றிய ஒரு குச்சியும் இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் இடித்துவிட்டால், முறுக்கு நொறுங்கியதற்கு அவள் கோபிக்க மாட்டாள். குச்சி ஒடிந்ததற்குக் கோபிப்பாள்!

வீட்டில் மட்டும் அல்ல, வியாபாரத்திலும் இதே கதைதான். ராமேசுவரத்துக்குப் பக்கத்தில் தங்கச்சிமடம் என்று ஓர் ஊர். மணல் பூமி. அங்கே மல்லிகை நாற்றுகளை வளர்த்து, கட்டுக்கட்டாக வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கும் அந்த ஊர் நாற்றுதான்.

பெயர் டெல்லி!

இதைவிட வேடிக்கை, டெல்லி கனகாம்பரம்.

பெயர்தான் டெல்லி. டெல்லிக் குளிர் அதற்கு ஆகவே ஆகாது. நம் ஊர் வெயில்தான் அதற்குப் பிடிக்கும். பூ பளிச்சென்ற நிறம். தலையில் வைத்தால் சீக்கிரம் வாடாது. ஆனால் விதை?

சாதாரண கனகாம்பரத்துக்கு விதை உண்டு. காய்ந்த கதிரைத் தண்ணீரில் நனைத்தால் 'பட், பட்' என்று காய் வெடிக்கும். விதை தெறித்து ஓடும். குழந்தைகளுக்கு அது ஒரு விளையாட்டு.

டெல்லி கனகாம்பரம் அப்படி வெடிப்பதில்லை. விதை இருந்தால்தானே!

இதற்குக் காரணம் என்ன? செடியின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் குரோமோசோம் என்ற நுண்ணிய இழைகள் இருக்கின்றன. சாதாரண கனகாம்பரத்தில் இவை ஜோடி ஜோடியாக இருக்கின்றன. விதை உண்டாகும்போது ஒவ்வொரு ஜோடியும் இரண்டாகப் பிரியும். டெல்லி கனகாம்பரத்தில் 30 இழைகள். அவை ஜோடியாக இல்லை. மூன்று மூன்றாக இருக்கின்றன. மூன்று முட்டைகளை உடைக்காமல் இரண்டு பேருக்குச் சமமாகப் பங்கிட முடியுமா? முடியாது. ஆகவே விதையும் இல்லை.

நாம் சாப்பிடும் வாழைப்பழத்தில் விதை இல்லாததற்கும் இதுவே காரணம். வாழை பக்கக் கன்று விடுகிறது. தானாகவே குடும்பம் பெருகுகிறது. கனகாம்பரத்துக்கு அதுவும் கிடையாது. யாராவது ஒரு கிளையை வெட்டி நட வேண்டும். நடாவிட்டால் அந்தச் செடியோடு சரி!

பிரபுவின் தடை

கிளை கொடுக்க மாட்டேன் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் என்ன ஆகும்? ஐரோப்பாவில் ஒரு கதை சொல்கிறார்கள்.

இத்தாலியில் டஸ்கனி என்பது அந்தக் காலத்தில் ஒரு தனி நாடாக இருந்தது. அதை ஆண்ட பிரபுவுக்கு, கோவாவிலிருந்து ஓர் அடுக்குமல்லிச் செடி வந்தது. வாசனையில் மயங்கிவிட்டார். "இது என்னிடம் மட்டுமே இருக்க வேண்டும். ஒரு பூ, ஒரு கிளை வெளியே போகக்கூடாது!" என்று உத்தரவு போட்டார்.

தோட்டக்காரன் இளைஞன். அவனுக்கு ஒரு காதலி. அவளுடைய பிறந்தநாள் வந்தது. ஏழை என்ன கொடுப்பான்? உத்தரவை மறந்து, அடுக்குமல்லிக் கிளை ஒன்றை ஒடித்துக் கொடுத்துவிட்டான். அவள் அதைத் தலையில் செருகவில்லை; மண்ணில் செருகினாள்! அது தழைத்தது. கன்றுகளை விற்றாள். அந்தப் பணத்தில் இருவருக்கும் கலியாணம் நடந்தது.

நடந்ததோ, கட்டியதோ, கதை நன்றாக இருக்கிறது. இன்றைக்கும் அந்த அடுக்குமல்லிக்கு வெளிநாட்டில் 'கிராண்ட் டியூக் ஆப் டஸ்கனி' என்றே பெயர். கொடுக்க மறுத்தவர் பெயரை வைத்துவிட்டார்கள். கொடுத்தவன் பெயரைக் காணோம்!

நம் பக்கத்துக் கதை வேறு மாதிரி. முல்லைக் கொடி படரக் கொம்பு இல்லாமல் தவித்தபோது, தேரையே நிறுத்திவிட்டுப் போனார் பறம்பு மலைப் பாரி. அவர் இறந்த பிறகு, அவருடைய பெண்கள் இருவரையும் கபிலர் அழைத்து வந்து சேர்த்த ஊர் திருக்கோவலூர் என்பது வழிவழியாக வரும் செய்தி. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனபோது, அந்தத் திருக்கோவிலூரும் அதில் சேர்ந்தது. தென்பெண்ணை ஆற்றுக்குள் நிற்கும் கபிலர் குன்றை அங்கே இன்றும் பார்க்கலாம்.

நள்ளிரவு விருந்தாளி

"பிரம்ம கமலம் பூத்தது! அக்கம்பக்கத்தார் திரண்டு வந்து பார்த்தனர்!"

ஆண்டுதோறும் மழைக்காலத்தில் பத்திரிகைகளில் வரும் செய்தி இது. இரவு ஏழு, எட்டு மணிக்கு மொட்டு அவிழத் தொடங்கும். நள்ளிரவில் முழுப் பூ. தட்டு அகலம்! வெள்ளை வெளேர் என்று இருக்கும். வாசனை தெருவைத் தூக்கும். விடிந்தால் துவண்டுவிடும். சிலர் கற்பூரம் காட்டிக் கும்பிடுவதும் உண்டு.

கும்பிடுங்கள், தவறில்லை. ஆனால் இது பிரம்ம கமலம் அல்ல! உண்மையான பிரம்ம கமலம் இமயமலையில் 12 ஆயிரம் அடிக்கு மேல் வளர்வது. உத்தரகாண்ட் மாநிலத்தின் மலர். நம் வீட்டில் பூப்பது நிஷாகந்தி. கள்ளி இனம். சொந்த நாடு மெக்சிகோ பக்கம்.

"இலையில் பூக்கும் அதிசயம்" என்பார்கள். அதுவும் இலை அல்ல. தட்டையான தண்டு! அதனால்தான் ஒரு துண்டு வெட்டி நட்டாலும் வேர் விடுகிறது. கேரளத்து அத்தை வீட்டிலிருந்து ஒரு துண்டு, அதிலிருந்து எதிர்வீட்டுக்கு ஒரு துண்டு என்று ஊர் ஊராகப் பரவியது இப்படித்தான். ஒரு துண்டிலிருந்து வந்தவை எல்லாம் ஒரே செடியே!

வளர்த்தவர்கள் சொல்வதைக் கேளுங்கள். வெட்டிய துண்டை உடனே நடக்கூடாது. இரண்டு நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்த பிறகு நட வேண்டும். கள்ளக்குறிச்சி உச்சி வெயில் பட்டால் மஞ்சளாகிவிடும். காலை வெயில் போதும். தண்ணீர் அதிகம் கூடாது. இரண்டு, மூன்று ஆண்டு பொறுக்க வேண்டும். தொங்கும் மொட்டு கழுத்தை வளைத்து நிமிர்ந்து, நன்றாக உப்பினால், பூக்கும் இரவு நெருங்கிவிட்டது என்று அறியலாம். அப்போது அக்கம்பக்கத்தில் சொல்லி வைக்கலாம்.

ஆண்டுக்கு ஒரே ஒரு முறைதான் பூக்கும் என்பதும் சரியல்ல. நன்கு வளர்ந்த செடி ஒரு பருவத்தில் பல தடவை பூக்கும்.

மலைக்குப் போனால்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் தாண்டி, மலைப்பாதையில் ஏறினால் கல்வராயன் மலை. 2 ஆயிரம், 3 ஆயிரம் அடி உயரம். வெள்ளிமலையில் இறங்கினால் காற்றே வேறு. கீழே வியர்த்தவர்கள் மேலே துண்டைப் போர்த்திக்கொள்வார்கள்.

செடிக்கும் இது தெரியும். டேலியாவுக்குக் குளிர்ச்சி வேண்டும். மலையில் பார்த்த ஆசையில் அதன் கிழங்கைச் சித்திரையில் கீழே கொண்டு வந்து நட்டால் கருகிவிடும். அதே கிழங்கை ஐப்பசியில் நட்டால், தை, மாசியில் சமவெளியிலும் பூக்கும். குண்டுமல்லிக்கு நேர் எதிர்க் குணம். வெயில் ஏற ஏறத்தான் அது பூத்துக் குலுங்கும்.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு வாசலில் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். காட்டில் உள்ளதைப் பிடுங்காதீர்கள். குறிப்பாகச் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர் அதுதான். தீப்போல் அழகு, ஆனால் கிழங்கு கொடிய விஷம். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம். (இன்னொரு விந்தை: காந்தள் விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின் என்ற மருந்தைக் கொண்டுதான், குரோமோசோம்களை இரட்டிப்பாக்கிப் புதுச் செடிகளை விஞ்ஞானிகள் உண்டாக்குகிறார்கள்!)

கிளையோடு நோயும் வரும்

எல்லாம் ஒரே செடி என்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வரும்.

'கிராஸ் மிஷெல்' என்று ஒரு வாழை. ஒரு காலத்தில் உலகச் சந்தையில் அதுதான் ராஜா. பனாமா வாடல் நோய் என்ற பூசணம் பிடித்தது. 1960-களுக்குள் ஏற்றுமதிச் சந்தையிலிருந்தே மறைந்துவிட்டது.

கனகாம்பரத்தை வாடச் செய்வதும் அதே குலத்துப் பூசணம்தான். கண்ணுக்குத் தெரியாத நூற்புழு வேரைக் கடித்து வழி செய்கிறது. பின்னாலேயே பூசணம் நுழைகிறது. ஆகையால் வாடிய செடியில் கிளை எடுக்க வேண்டாம். கிளையை மட்டும் கொடுங்கள். மண்ணோடு பெயர்த்துக் கொடுக்க வேண்டாம். புழு மண்ணில்தான் இருக்கிறது. பாத்தி ஓரத்தில் செண்டுமல்லி வைத்தால் நூற்புழு குறையும். இலைக்கு அடியில் மாவு போல் வெள்ளையாக இருந்தால் அது மாவுப்பூச்சி. துடைத்துக் கழுவாமல் வீட்டுக்குள் கொண்டு போகாதீர்கள்.

எப்போது கேட்பது?

"அக்கா, ஒரு கிளை கொடுங்களேன்" என்று சித்திரையில் போய்க் கேட்டால், "இப்ப வேணாம்மா, பூ எடுக்கிற நேரம்" என்பார்கள். நியாயம்தானே! கவாத்துச் செய்யும் சமயம் பார்த்துப் போங்கள். எப்படியும் வெட்டிப் போடுகிற கிளை. மனம் கோணாமல் கொடுப்பார்கள். குண்டுமல்லியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டுவது நவம்பர் கடைசி வாரம். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி. முல்லைக்கு ஜனவரி கடைசி.

பென்சில் பருமன், ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு. அடிக் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில் நிழலில் நடுங்கள். குச்சி பிழைக்குமோ என்று பயந்தால் பதியன் போடச் சொல்லுங்கள். தாய்ச் செடியில் ஒரு கிளையை வளைத்து, கணுவில் பட்டையை லேசாகச் சீவி, மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல் வைக்க வேண்டும். மூன்று, நான்கு மாதத்தில் வேர் விட்டுவிடும். பிறகு வெட்டி எடுத்துக் கொள்ளலாம்.

நட்ட குச்சியைத் தினமும் பிடுங்கி, வேர் வந்துவிட்டதா என்று பார்ப்பவர்கள் சிலர் உண்டு. அவர்கள் வீட்டில் மட்டும் வராது!