புற்றுநோய் போலத் தோன்றும் மலக்குடல் புண்

மலத்தில் ரத்தம் கண்டால் மூலம் என்று சும்மா இருந்துவிடுகிறோம். அல்லது புற்றுநோயோ என்று நடுங்கிப்போகிறோம். இரண்டுமே தவறு.

மலச்சிக்கலால் நெடுநாள் முக்கிவருபவர்களுக்கு மலக்குடலின் உட்சுவர் கீழிறங்கி அழுந்தும். அங்கே ரத்த ஓட்டம் குறைந்து புண் உண்டாகும். அபூர்வமான இதற்குத் 'தனித்த மலக்குடல் புண்' என்று பெயர். பெயர்தான் அப்படி, சிலருக்குப் பல புண்கள் இருக்கும், சிலருக்குக் கட்டி போலவே தடித்திருக்கும். ரத்தம், சளி, மலம் முழுதாகக் கழியாத உணர்வு ஆகியவை அறிகுறிகள். கொலனோஸ்கோப்பியில் புற்றுநோய் போலவே தெரியலாம். சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிதான் வேறுபடுத்திக் காட்டும்.

நார்ச்சத்து உணவு, போதிய தண்ணீர், முக்காமல் மலம் கழிக்கும் பயிற்சி ஆகியவையே முதல் சிகிச்சை. குடல் வெளித்தள்ளினால், அல்லது இவற்றால் குணமாகாவிட்டால்தான் அறுவை சிகிச்சை.

வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் சொல்வோம். பயாப்ஸி முடிவு வரும்முன் நாமே எதையும் முடிவுகட்ட வேண்டாம்.