உஷார்! ‘மூணாவது மிதியில் பிடிக்கும்’ ஜீப்

“ரெண்டு மிதி மிதிங்க சார், மூணாவதுல கப்புனு பிடிச்சிரும்.” பழைய ஜீப்பை விற்க வந்தவர் பிரேக்கைப் பற்றி இப்படிச் சொன்னால் விலை பேசாதீர்கள், சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுங்கள். உங்கள் வாசலில் நிற்கும் ஜீப்பே அப்படித்தான் என்றால், தயவுசெய்து இன்றைக்கு அதை எடுக்காதீர்கள்.

கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு மூன்று மிதி மிதிக்க யாருக்கு நேரம்? நண்பரின் ஜீப்பில் ஒருமுறை இறங்கியபோது பாதி வழியில் காந்தல் வாடை அடித்தது. ஓரங்கட்டி, ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில் புறங்கையைக் காட்டிப் பார்த்தேன். மூன்றில் அனல். பின் இடது சக்கரத்தில் மட்டும் சூடே இல்லை. எனக்குப் பயம் வந்தது அங்கேதான். நான்கு பேர் தூக்க வேண்டியதை மூன்று பேர் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்!

அந்த டயரின் உள்பக்கம் ஈரமாகப் பளபளத்தது. தொட்டு முகர்ந்தால் கந்தக நெடி: கியர் ஆயில். ஆக்ஸில் ஆயில் சீல் போய், பிரேக் ஷூ எண்ணெயில் ஊறிக் கிடந்தது. ஈரம் தண்ணீர் போல மெல்லியதாக இருந்திருந்தால் வீல் சிலிண்டர் ஒழுகுகிறது என்று அர்த்தம். “ரொம்ப நாளாவே லேசா வலது பக்கம் இழுக்கும்பா” என்றார் நண்பர், வண்டியின் குணத்தைச் சொல்வது போல. அது குணமில்லை, நோய். எண்ணெய் குடித்த லைனிங்கை பெட்ரோலில் கழுவி மாட்டுவது வேலைக்கு ஆகாது. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். டிரம்மைக் கழற்றியதும் ஏர் வைத்து ஊதுகிறார்களா, தடுத்துவிடுங்கள். பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

பெடலும் பேசும். அடுத்தடுத்து மிதித்தால் மேலே வருகிறதா? ஷூ தேய்ந்து டிரம்முக்கும் அதற்கும் இடைவெளி கூடியிருக்கும். பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் காற்று. பாறை மாதிரி இறுகினால் பூஸ்டரைப் பாருங்கள், அதாவது உங்கள் வண்டியில் பூஸ்டர் இருந்தால்! மிதித்துவிட்டுக் காலை எடுத்த பிறகும் ஒரு சக்கரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள்ளேயே அடைத்திருக்கலாம். வெளியே பார்த்தால் புதுசு போலத்தான் இருக்கும்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுக்காரன், சமவெளியில் நன்றாகப் பிடித்து, மலையில் பாதி வழியில் தரையைத் தொட்டு, அரைமணி நேரம் நிறுத்தினால் மறுபடி சரியாகிவிடும் பிரேக். காரணம் பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். புது டாட் 3 ஆயிலுக்குக் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பின் 140 வரை இறங்கிவிடலாம். டிரம் கொதித்தால் ஆயிலும் கொதிக்கும். நீங்கள் மிதிப்பது ஆவியை. கீழே வந்து மெக்கானிக்கிடம் காட்டினால் “நல்லாத்தானே இருக்கு” என்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அதற்குள் ஆறியிருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுசாக மாற்றுங்கள், முதல் கியரிலோ இரண்டாவதிலோ இறங்குங்கள்.

பழைய வில்லீஸ் வகை ஜீப்புகளில் மாஸ்டர் சிலிண்டர் கால் வைக்கும் தகரத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதனாலேயே யாரும் திறந்து பார்ப்பதில்லை. அதில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன். ஒரு சக்கரத்தில் ஒழுகினால் நான்கும் போச்சு. கையில் கிடைத்த இன்ஜின் ஆயிலை ஊற்றினீர்களோ, வாஷர்கள் ஊதிப்போய் மொத்தமும் மாற்ற வேண்டிவரும். ஓட்டிச் சோதிக்கும்போது ஃபோர் வீலில் போடாதீர்கள். முன்னும் பின்னும் பிணைந்துகொள்வதால் ஒரு பக்கத்துக் குறையை மறுபக்கம் மறைத்துவிடும்.

இன்று மாலை ஒரு சோதனை. வாசலிலேயே, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, பெடலை அழுத்திப் பிடித்தபடி அறுபது வரை எண்ணுங்கள். எங்கும் ஒழுகாமலே பெடல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் விட்டுக்கொடுக்கிறது. வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போகாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.