முழங்காலும் 120 மில்லிமீட்டரும்

வேகத்தடையை முதலில் பார்ப்பவர் வண்டி ஓட்டுகிறவர். பார்த்த மாத்திரத்தில் அவர் உடம்பு தானாக ஒரு காரியம் செய்துவிடும். சீட்டிலிருந்து ஒரு விரற்கடை எழும்புவார், முழங்கால் லேசாக மடங்கும், வண்டி மட்டும் குதித்து இறங்கும். பின்னால் உட்கார்ந்து கைபேசியில் மூழ்கியிருப்பவருக்குத்தான் முதுகெலும்பு வரை உறைக்கும். "பார்த்து ஓட்டுடா" என்று தோளில் ஒன்று விழும். வண்டி ஒன்று, ஸ்பிரிங் ஒன்று, வேகமும் ஒன்று. ஒருவருடைய கால் வேலை செய்தது, இன்னொருவருடையது சும்மா இருந்தது, அவ்வளவுதான்.

மலைப்பாதை சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குள் நுழைவது நல்லது. அங்கே முதலில் காதில் விழும் எண் ‘டிராவல்’. மேடு வந்தால் சக்கரம் ஃபிரேமை நோக்கி எத்தனை மில்லிமீட்டர் ஏறி விட்டுக்கொடுக்கும் என்ற அளவு அது. கிராஸ்கன்ட்ரி பந்தய சைக்கிளுக்கு 100 முதல் 120. மலையுச்சியிலிருந்து உருட்டிவிட்டது போல இறங்கும் டவுன்ஹில் சைக்கிளுக்கு 200. இடையில் எண்டியூரோ 150, 170 என்று போகும். முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் இருந்தும், பின்சக்கரத்துக்கு 120 மில்லிமீட்டர் அளவோடு நிறுத்திக்கொள்ளும் டிரெயில் சைக்கிள்கள் உண்டு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஓரளவு விரித்தால் வருகிற தூரம். விலை என்னவோ 160 மில்லிமீட்டர் சைக்கிளைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதே பணத்துக்குக் கூடுதல் டிராவல் கிடைக்கும்போது எதற்குக் குறைத்து வாங்க வேண்டும்?

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 30 சென்டிமீட்டர் உயரப் பாறைப் படியிலிருந்து சைக்கிளோடு குதிக்கிறோம். விழும்போது சேர்ந்த ஆற்றலை ஏதாவது ஒரு தூரத்துக்குள் கரைத்தாக வேண்டும். அந்தத் தூரம் நீண்டால் உடம்பு வாங்கும் விசை குறையும். 120 மில்லிமீட்டருக்குள் ஒரே சீராகக் கரைத்தால் விசை நம் எடையைப்போல 3.5 மடங்கு. 160 என்றால் ஏறக்குறைய 2.9 மடங்கு. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் இது சீட்டில் மூட்டைபோல உட்கார்ந்திருப்பவருக்கான கணக்கு. பெடலில் எழுந்து நின்று முழங்காலையும் முழங்கையையும் மடக்கி இன்னொரு 300 மில்லிமீட்டரைச் சேர்த்துப் பாருங்கள். 120 மில்லிமீட்டர் சைக்கிளில் விசை 1.7 மடங்கு, 160 மில்லிமீட்டர் சைக்கிளில் 1.65. ஸ்பிரிங்கே இல்லாமல், டயர் மட்டும் 30 மில்லிமீட்டர் அமுங்கித் தரும் சைக்கிளில்கூட 1.9தான்! நிஜத்தில் எந்த விசையும் இவ்வளவு சீராக வராது. ஆனாலும் கணக்கு காட்டும் திசை சரியானது: பெரிய குதிப்பைத் தாங்குவதில் பெரும்பங்கு காலுக்கே.

அப்படியானால் ஸ்பிரிங் எதற்கு? கால் மெதுவான பிராணி என்பதற்காக. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். பாதையின் குறுக்கே அரை மீட்டருக்கு ஒரு மரவேர் ஓடினால், நொடிக்குப் பதினான்கு வேர்கள் சக்கரத்தில் வந்து மோதும். ஒரு மோதலை உணர்ந்து தசை பதில் சொல்ல நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் மூன்று வேர்கள் கடந்து போயிருக்கும். தவிர, கால் அசைந்தால் மொத்த உடம்பும் ஏறி இறங்க வேண்டும். ஸ்பிரிங் அசையும்போது அசைவது சில கிலோ எடையுள்ள சக்கரமும் அதைப் பிடித்திருக்கும் பகுதியும்தான். அதனால் சக்கரம் வேர்மேல் ஏறி மறுபக்கத்துப் பள்ளத்தில் உடனே இறங்கிவிடும், நிலத்தை விட்டு அகலாது. நிலத்தைத் தொடாத சக்கரத்துக்குப் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. சுகம் என்பது இந்த ஏற்பாட்டில் உபரியாகக் கிடைப்பது. சக்கரத்தைத் தரையில் வைத்திருப்பதுதான் முதல் வேலை. வேகமான சின்ன மேடுகள் ஸ்பிரிங்குக்கு, நிதானமான பெரிய மேடுகள் காலுக்கு என்று இப்படி ஒரு பாகப்பிரிவினை நடக்கிறது. அந்த வேர்கள் பெரும்பாலும் சில சென்டிமீட்டர் உயரம்தான். அவற்றுக்கு 120 மில்லிமீட்டர் தாராளம்.

மலைப்பாதை சைக்கிள் விளையாட்டே கிட்டத்தட்ட ஸ்பிரிங் இல்லாமல்தான் பிறந்தது. கலிஃபோர்னியாவின் மெரின் கவுன்டியில், டமல்பைஸ் மலைப்பக்கம், 1976 அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் பழைய ஷ்வின் சைக்கிள்களில் ஒரு மண்பாதையில் இறங்கும் பந்தயம் நடத்தினார்கள். கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, ஜோ பிரீஸ் எல்லாம் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள். சைக்கிள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 கிலோ. பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் ஹப் பிரேக். 3 கிலோமீட்டர் சொச்சத்தில் 400 மீட்டர் சரிவு இறங்கி வருவதற்குள் ஹப்பில் இருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அடைப்பதைக் குறிக்கும் ‘ரீபேக்’ என்ற சொல்லே பந்தயத்துக்கும் பாதைக்கும் பெயராகிவிட்டது. அவர்களுக்கு இருந்த சஸ்பென்ஷன் தடித்த டயரும் சொந்த முழங்காலும்தான்.

1989-ல் ராக்‌ஷாக்ஸ் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. மோட்டார் சைக்கிள் உலகத்திலிருந்து வந்த பால் டர்னர் முன்சக்கரத்துக்காக வடிவமைத்த அதன் முதல் சஸ்பென்ஷன் ஃபோர்க், ஆர்எஸ்-1. டிராவல் 48 மில்லிமீட்டர். இன்றைக்குச் சிறுவர் சைக்கிளில்கூட அதைவிட அதிகம் இருக்கும். 1990-ல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த உலகப் போட்டியில் கிரெக் ஹெர்போல்ட் அதைப் பூட்டிக்கொண்டு டவுன்ஹில் பட்டத்தை வென்றார். அதன் பிறகு எண்கள் ஏறத் தொடங்கின.

உள்ளே என்ன இருக்கிறது? சின்ன வயதில் சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அமுக்கிப் பார்த்திருப்பீர்கள். முதலில் இலகுவாகப் போகும், பாதிக்கு மேல் முரண்டு பிடிக்கும், கடைசியில் எவ்வளவு அமுக்கினாலும் நகராது. கொள்ளளவு பாதியானால் அழுத்தம் இரட்டிப்பாகும் என்ற பாயில் விதிதான் விரல் நுனியில் தெரிகிறது. ஏர் ஷாக் என்பது அதே பம்புதான், வாயடைத்த பம்பு. தொடக்கத்தில் மென்மை, முடிவில் கடுமை. உள்ளே ஒரு பிளாஸ்டிக் துண்டைப் போட்டு இடத்தைக் குறைத்தால் முரண்டு இன்னும் சீக்கிரம் வரும். ஆனால் காற்று மட்டும் இருந்தால் சைக்கிள் பந்துபோலத் துள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் சின்னத் துளைகள் வழியாக எண்ணெயைத் துரத்தும் ஒரு பகுதியும் உண்டு. மேடு கொடுத்த ஆற்றல் அங்கே வெறும் சூடாக மாறிப் போகும். நீண்ட இறக்கத்துக்குப் பிறகு ஷாக்கைத் தொட்டுப் பார்த்தால் பாதையின் ஒரு பகுதி கையில் சுடும்.

இன்னொரு வேடிக்கை, 120 மில்லிமீட்டர் ஏறும் சக்கரத்துக்கு அமுங்கும் ஷாக் 45 மில்லிமீட்டர்தான். நடுவில் இருக்கும் கைகளும் பேரிங்குகளும் நெம்புகோலாக நின்று சுருக்கித் தருகின்றன. ஷாக்கின் மேல் விழும் விசை அதே விகிதத்தில், சராசரியாக 2.7 மடங்கு பெருகும். சாதாரண டயர் பம்பு அதற்கு உதவாமல், அதிக அழுத்தத்துக்கான தனிப் பம்பு தேவைப்படுவதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் மேடு ஏறும்போதுதான் பின்சஸ்பென்ஷனின் சாயம் வெளுக்கும். மிதித்தால் எடை பின்னால் சாயும், ஷாக் அமுங்கும். ஒவ்வொரு மிதிக்கும் சைக்கிள் தலையாட்டும். மிதிப்பதில் ஒரு பங்கு எண்ணெயைச் சுடவைக்கவே போய்விடும். இதற்கு ஷாக்கைப் பூட்டிவிடுவது ஒரு வழி, கொஞ்சம் முரட்டு வழி. அழகான வழி செயினிலேயே இருக்கிறது. மிதிக்கும்போது செயினின் மேல்பக்கம் பின்சக்கரத்தை முன்னோக்கி இழுக்கிறது. கீல்களைச் சரியான இடத்தில் வைத்தால் அந்த இழுப்பே சக்கரத்தைக் கீழ்நோக்கித் தள்ளும். சாயும் எடையும் தள்ளும் செயினும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, சைக்கிள் அசையாமல் ஏறும். ஆஸ்திரியாவில் பிறந்து கலிஃபோர்னியாவில் வேலை செய்த மோட்டோகிராஸ் வீரர் ஹார்ஸ்ட் லைட்னர், பிறகு டேவ் வீகிள் போன்றவர்கள் தலையை உடைத்துக்கொண்டது இந்தக் கீல் எங்கே என்ற கேள்வியில்தான். சும்மா கிடைக்கவில்லை அது. சக்கரம் மேலே ஏறும்போது செயின் நீளம் போதாமல் பெடலைப் பின்னால் இழுக்கும், உள்ளங்காலில் உதை தெரியும். டிராவல் குறைவாக இருந்தால் அந்த இழுப்பின் மொத்த அளவும் குறைவு. ஆகவே 120 மில்லிமீட்டர் சைக்கிளில் வடிவமைப்பாளர் செயினின் உதவியைக் கொஞ்சம் தாராளமாக எடுத்துக்கொள்ள முடிகிறது.

இறங்கும்போது சைக்கிளின் வடிவமே மாறும் என்பது பலர் கவனிக்காத விஷயம். இரு சக்கரங்களுக்கும் இடையே 1200 மில்லிமீட்டர் இருக்கும் சைக்கிளில், பின்பக்கம் அப்படியே இருக்க முன் ஃபோர்க் மட்டும் 20 மில்லிமீட்டர் அமுங்கினால், ஹேண்டில்பாருக்குக் கீழுள்ள சாய்வு சுமார் 1 பாகை நிமிர்ந்துவிடும். நிமிர்ந்தால் திருப்பம் பரபரப்பாகும். பிரேக் பிடித்ததும் ஆழமாக மூழ்கும் 170 மில்லிமீட்டர் ஃபோர்க், நாம் வாங்கிய சைக்கிளை வேறொன்றாக ஆக்கிவிடக்கூடும். குறைந்த டிராவல் தன் வடிவத்தை அதிகம் இழக்காது. 1990-களில் இந்தச் சாய்வு 71 பாகையை ஒட்டி, சாலை சைக்கிளைப்போல இருந்தது. இன்று சான்டா குரூஸ் நிறுவனத்தின் டால்பாயில், பின்னால் 120, முன்னால் 130 மில்லிமீட்டர் டிராவலோடு, 65.5 பாகையை ஒட்டி வைக்கிறார்கள். முன்சக்கரம் வெகுவாக முன்னே தள்ளி நிற்கும். செங்குத்தான சரிவில் தலைகுப்புற விழும் பயத்தைக் குறைத்தது பெரும்பாலும் இந்தச் சாய்வுதான் என்பது என் எண்ணம். பாராட்டு என்னவோ ஷாக்குக்குப் போகிறது.

எனவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி டிராவல் அல்ல. உங்கள் பாதை எது? தொண்ணூறு சதவீதம் வேரும் கூழாங்கல்லும் ஏற்றமுமாக இருந்தால் 120 மில்லிமீட்டர் போதும். அந்தப் பாதை உங்களுக்குச் சுவாரசியமாகவும் இருக்கும். மென்மையான 160 மில்லிமீட்டர் சைக்கிளில் அதே பாதை தார்ச்சாலைபோலச் சப்பென்று போய்விடும். இரண்டு மீட்டர் பாறையிலிருந்து குதிப்பதுதான் வார இறுதி வழக்கம் என்றால் இந்தக் கட்டுரையை மறந்துவிட்டுப் பெரிய எண்ணை வாங்குங்கள். பெரிய பாறைகள் வாங்கும் நேரத்துக் கற்பனையில் மட்டுமே இருந்தால், அது வேறு.

வாங்கிய பிறகு ஷாக்கின் தண்டில் இருக்கும் சின்ன ரப்பர் வளையத்தைப் பாருங்கள். சைக்கிளின் மேல் வழக்கமான உடையோடு ஏறி அசையாமல் உட்கார்ந்தால் ஷாக் நான்கில் ஒரு பங்கிலிருந்து முப்பது சதவீதம் வரை அமுங்க வேண்டும். 45 மில்லிமீட்டர் ஷாக்கில் 11 முதல் 13. அதற்கேற்பக் காற்றைக் கூட்டியோ குறைத்தோ வையுங்கள். பிறகு வளையத்தை மேலே தள்ளிவிட்டு, பழகிய பாதையை ஒருமுறை சுற்றி வாருங்கள். ஷாக் எதுவரை அமுங்கியது என்று வளையம் அங்கேயே நின்று காட்டும். ஒவ்வொரு முறையும் கடைசிவரை போயிருந்தால் காற்று போதவில்லை, அல்லது பாதை சைக்கிளை மீறியது. மாதக்கணக்கில் ஓட்டியும் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டவில்லை என்றால், அந்த மிச்ச மில்லிமீட்டர்களைச் சும்மா சுமந்துகொண்டு ஏறிக்கொண்டிருக்கிறீர்கள்.