கறுப்பும் ஒரு நிறமா?

சென்ற வாரம் எட்டாம் வகுப்பில் ஒளியைப் பற்றிய பாடம். நியூட்டன் முப்பட்டைக் கண்ணாடியால் சூரிய கிரணத்தைப் பல வர்ணங்களாகப் பிரித்துக் காட்டி, 1672-ல் அதை உலகுக்கு வெளியிட்ட வரலாற்றைக் கூறினோம். "ஆகவே வெள்ளை என்பது எல்லா நிறங்களின் சேர்க்கை, கறுப்போ நிறமே அன்று, ஒளியின் இன்மைதான்" என்று வழக்கம்போல் முடித்தோம்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "எங்கள் அக்காவைப் பார்க்க வந்தவர்கள், 'பெண் நிறமாக இல்லை' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது சரிதானா, ஸார்?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. நமக்கும் சிரிப்பு வரவில்லை.

அன்றிரவு யோசித்துப் பார்த்ததில், நாம் சொன்னது பாதி உண்மையே என்று தெரிந்தது. வெள்ளை தோன்ற எல்லா வர்ணங்களும் வேண்டுமென்பதில்லை. மஞ்சள் ஒளியும் நீல ஒளியும் தக்க அளவில் சேர்ந்தாலே கண் அதை வெள்ளை என்று ஏற்றுக்கொள்ளும். கறுப்பின் சங்கதி இன்னும் விசித்திரமானது. நண்பகல் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். வகுப்பறைக்குள் 300 இருந்தால் அதிகம். வெயிலில் வைத்த சிலேட்டு நூற்றுக்கு 5 பங்கு ஒளியையே திருப்பி அனுப்பினாலும் அது 5,000 ஆகிறது. அறைக்குள் இருக்கும் வெள்ளைக் காகிதம் 80 பங்கு அனுப்பியும் 240-தான். ஆயினும் சிலேட்டு கறுப்பு, காகிதம் வெள்ளை! சுற்றிலுமுள்ள பொருள்களோடு ஒப்பிட்டுத்தான் கண் இவற்றை அறிகிறது. ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லாத அறையில் நாம் காண்பது மங்கிய சாம்பல் நிறமே. நல்ல கறுப்பைக் காண அருகில் ஒளி இருந்தாக வேண்டும்.

தொல்காப்பியர் உரியியலில் கறுப்பையும் சிவப்பையும் ஒன்றாக வைத்து, இரண்டும் கோபத்தைக் குறிக்கும், நிறத்தையும் குறிக்கும் என்கிறார். காளஹஸ்திக் கலம்காரிக்காரர்களோ பழைய இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் இட்டுப் பல நாள் புளிக்க வைக்கிறார்கள். கடுக்காய் ஏற்றிய துணியில் அந்த நீரால் கோடிழுத்தால் உடனே கருத்துவிடும். நிறமல்லாத ஒன்றுக்காக யார் இத்தனை பாடுபடுவார்கள்?

மறுநாள் வகுப்பில் இவற்றையெல்லாம் சொல்லி, முதல் நாள் சொன்னதைத் திருத்திக்கொண்டோம். "ஒளிக் கணக்கு வேறு, கண்ணின் கணக்கு வேறு. உன் அக்காவைப் பார்க்க வந்தவர்களுக்கு இரண்டுமே தெரியாது" என்றோம். அந்தப் பெண் தலையசைத்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

முன்வரிசைப் பையன் ஒருவனுக்கு வேறு கவலை. "பரீட்சையில் எதை எழுதினால் மார்க்கு, ஸார்?"

இரண்டுக்கும் தருவதாக ஒப்புக்கொண்டோம்.