மனநல மருத்துவம் கைப்பேசி வழியே: நாம் அறிய வேண்டியவை

இரவெல்லாம் தூங்காமல் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும் பிள்ளையை நமது குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் அழைத்து வருவது பள்ளிவாசலுக்குத்தான். "ஹஜ்ரத், கொஞ்சம் ஓதிப் பாருங்க" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டுவார்கள். நாமும் ஓதுகிறோம், துஆ செய்கிறோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பிள்ளை ஒரு மருத்துவர் முன் உட்கார எத்தனை மாதங்கள், சில வீடுகளில் எத்தனை வருடங்கள் கழிகின்றன என்பதை மட்டும் நாம் கேட்பதில்லை.

மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமப்புற அரபிகள் கேட்டபோது, செய்துகொள்ளும்படியே நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூதாவூதில் வருகிறது. சர்க்கரை நோயைப் பற்றிப் பேசும்போது இந்த ஹதீஸை எடுத்துக்காட்டும் நாம், மனநோய் என்று வந்தால் ஏனோ மறந்துவிடுகிறோம்.

இந்தத் தாமதத்தின் விலையைத் தமிழகம் ஏர்வாடியில் பார்த்தது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், தர்காவை அண்டி நடந்துவந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பத்தார் எல்லோரையும் கல்நெஞ்சர்கள் என்று சொல்லிவிட முடியாது. பலருக்கு மனநல மருத்துவர் வெகு தொலைவில் இருந்தார். ஊர் என்ன பேசுமோ என்ற வெட்கமும் இருந்தது. பின்னாளில் அரசின் மனநலக் குழு 'தவா-துவா' என்ற பெயரில் ஏர்வாடியிலேயே மருந்து கொடுக்கத் தொடங்கியது. துஆவை நிறுத்தச் சொல்லாமல் மருந்தையும் சேர்த்துக் கொடுத்த நல்ல ஏற்பாடு அது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிட்டுப் பிணைப்பதைத் தடை செய்துவிட்டது.

தொலைவையும் வெட்கத்தையும் குறைக்கும் இடத்தில்தான் தொழில்நுட்பம் நமக்கு உதவுகிறது. சென்னையில் உள்ள ஸ்கார்ஃப் நிறுவனம் 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தை இறக்கியது. உள்ளே காணொளி வசதி, கூடவே மருந்தகம். கிராமத்தில் நிற்கும் பேருந்தில் நோயாளி ஏறி அமர்வார். சென்னையிலிருந்து மருத்துவர் திரையில் பேசுவார். மருந்து அங்கேயே இலவசமாகக் கிடைக்கும். திரையைவிட நம் கவனத்தை ஈர்ப்பது அந்த ஊர்ப்பக்கத்துப் பணியாளர்கள்தான். வீடு தேடிச் சென்று நோயாளியை அழைத்து வந்ததும், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று பார்த்ததும் அவர்களே. அவர்கள் இல்லாவிட்டால் அது வெறும் வண்டி.

இப்போது நாடு முழுவதற்கும் 'டெலி மானஸ்' இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தைத் தலைமை மையமாகக் கொண்டு, 2022 அக்டோபர் 10 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய சேவை. எண் 14416. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. 24 மணி நேரமும் இயங்கும், கட்டணம் கிடையாது. மொழியைத் தேர்ந்தெடுத்ததும் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். அவரால் தீர்க்க முடியாததை மனநல மருத்துவரிடம் மாற்றிவிடுவார். நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்றால் மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ வழிகாட்டுவார்கள். நோயாளிதான் அழைக்க வேண்டும் என்பதில்லை. தாயோ கணவரோ அழைத்து, என்ன செய்வது என்று கேட்கலாம். 2024லேயே இதற்கு வந்த அழைப்புகள் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டன.

பயனுள்ள சேவைதான். ஆனால் நமது வீடுகளின் நிலையையும் யோசிக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் காரணமில்லாமல் அழுதுகொண்டிருக்கும் ஒரு பெண், மாமியார் கூடத்தில் உட்கார்ந்திருக்க, யாரிடம் என்ன பேச முடியும்? சில வீடுகளில் இருப்பதே ஒரு கைப்பேசி. அதுவும் கணவர் சட்டைப் பையில். அவளுக்கு அரை மணி நேரத் தனிமையும் ஒரு கைப்பேசியும் கொடுப்பது வீட்டார் கடமை. அதன்பின் "என்ன சொன்னே, யார்கிட்ட சொன்னே" என்று துருவாமல் இருப்பதும் அவர்கள் கடமைதான்.

இன்னொரு எச்சரிக்கை, செயலிகளைப் பற்றியது. மனநல ஆலோசனை என்று விளம்பரம் செய்யும் எல்லாச் செயலிகளும் ரகசியம் காப்பதில்லை. அமெரிக்காவில் 'பெட்டர்ஹெல்ப்' என்ற நிறுவனம், ஆலோசனை தேடி வந்தவர்களின் விவரங்களை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2023இல் அந்நிறுவனம் 78 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. நம்பிச் சொன்ன ரகசியம் அமானிதம். அதை விற்பது நம் பார்வையில் மோசடி. நமது நாட்டுச் சட்டமும் மனநோயாளியின் விவரங்களை ரகசியமாக வைத்திருப்பதை அவரது உரிமையாக்கியிருக்கிறது. ஆகவே செயலியை நடத்துவது யார், பேசுபவர் பதிவு பெற்ற மருத்துவரா என்று கேட்டுவிட்டே வாய் திறக்க வேண்டும். மனிதரைப் போலப் பதில் எழுதும் இயந்திரத்திடம் மனம்விட்டுப் பேசும் பழக்கமும் இளைஞர்களிடம் பரவி வருகிறது. அதனால் ஒருவரைப் பரிசோதிக்கவோ மருந்து எழுதவோ முடியாது. இரவு 2 மணிக்குக் கதவைத் தட்டவும் முடியாது.

"இனி உயிரோடு இருக்க வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால், கைப்பேசியில் செயலி தேடிக்கொண்டிருக்கக் கூடாது. "ஈமான் இல்லையா" என்று அதட்டுவதும் அந்த நேரத்துப் பேச்சல்ல. அவரைத் தனியே விடாமல், பூச்சிமருந்து போன்றவற்றை அப்புறப்படுத்திவிட்டு, 108ஐ அழைத்தோ கையோடு கூட்டிக்கொண்டோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே 2017ஆம் ஆண்டுச் சட்டம் கருதுகிறது. வழக்கு வரும் என்று பயந்து மறைக்கத் தேவையில்லை.

பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் தொழுகை நேரங்களுக்குக் கீழே 14416 என்று எழுதி வைக்க ஒரு சாக்குக்கட்டி போதும். பெண்கள் மதரஸாவின் பலகையிலும் அது இருக்கட்டும். ஓதிப் பார்க்க வருபவரிடம், ஓதி முடித்த கையோடு அந்த எண்ணையும் நாம் எழுதிக் கொடுக்கலாம்.